லியோ ஃபெண்டரும் இகழப்பட்ட கிதார்களும்

முகவுரை

பெரியோர் சரித்திரங்களைப் படிக்குங்கால் அவர்தம் வெற்றிகளையே தேடிப் படிப்பது நம்மில் பெரும்பாலோர்க்கு இயல்பாக அமைந்துவிட்டது. தோல்விகளை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். ஆயினும், தோல்வியென்று உலகம் ஒதுக்கிவிட்ட பகுதியே பிற்காலத்தார்க்குப் பெரும்பயன் விளைப்பதாய் முடிதலைச் சிலருடைய வாழ்க்கையிற் காண்கின்றோம். அத்தகைய வாழ்க்கை ஒன்றனை இக்கட்டுரையில் சுருங்க உரைக்கப் புகுகின்றோம். அமெரிக்க நாட்டில் மின்சாரக் கிதார்களைச் செய்து உலகப் புகழ் எய்திய லியோ ஃபெண்டர் என்பாரின் வாழ்க்கையே அது.

கல்லூரி விழா மேடைகளில் மாணவ நண்பர்கள் கையில் ஏந்தும் மின்சாரக் கிதார்களுட் பல, இவர் வகுத்த வடிவத்தைத் தழுவியவையே. ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் என்னும் பெயர்களை மேனாட்டிசையில் ஈடுபாடுடையார் யாவரும் அறிவர். ஆனால் இவர் செய்தவற்றுள், விரும்புவாரின்றி அடகுக் கடைகளிலே தூசி படிந்து கிடந்தவையும் உண்டு. இவர் கண்காணிப்பு இன்றியே இவர் பெயரைத் தாங்கி வெளிவந்து, இசைவாணரால் பழிக்கப்பட்டவையும் உண்டு. இவ்விருவகைக் கிதார்களையும் இன்று பலர் தேடி வாங்குகின்றனர். இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை உணர வேண்டின், இவர் சரித்திரத்தைத் தொடக்கத்திலிருந்தே காண்டல் நலம்.

பிறப்பும் இளமையும்

கிளாரென்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் என்பது இவரது முழுப்பெயர். இவர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 10-ஆம் நாள், கலிபோர்னியா மாகாணத்தில் அனாஹைம், ஃபுல்லர்ட்டன் என்னும் ஊர்களை அடுத்த ஒரு பண்ணையிற் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்துப் பயிர்செய்து வாழ்ந்தவர். உழவர் குடிக்கு இயல்பான உழைப்பும் சிக்கனமும் இவரிடம் இறுதிவரை நிலைத்திருந்தன.

எட்டாம் வயதில் இவருடைய இடக்கண்ணிற் கட்டி ஒன்று தோன்றவே, அக்கண்ணை அகற்ற நேர்ந்தது. அதுமுதல் கண்ணாடிக் கண் பொருத்திக்கொண்டே வாழ்ந்தார். இக்குறை காரணமாகவே இரண்டாம் உலகப் போரின்போது இவர் படைச்சேவைக்கு அழைக்கப்படவில்லை. பிறர் போர்க்களம் சென்ற காலத்தில் தம் பட்டறையிலமர்ந்து ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு இவருக்குக் கிட்டிற்று.

இவருடைய மாமன்மாருள் ஒருவர் சாந்தா மரியா என்னும் ஊரில் மோட்டார் வண்டிகளின் மின்கருவிகளைச் சீர்செய்யும் கடை வைத்திருந்தார். பதினான்கு வயதளவில் அக்கடைக்குச் சென்ற லியோ, அங்கே மாமன் தம் கையாலேயே செய்து வைத்திருந்த ரேடியோ ஒன்றைக் கண்டு வியந்தார். அன்று மூண்ட ஆர்வம் பிறகு தணியவே இல்லை. வீட்டின் ஒரு மூலையில் ரேடியோக்களைப் பிரித்துப் பார்ப்பதும் மீண்டும் பூட்டுவதுமாகத் தம் இளமைப் பொழுதைக் கழித்தார். பியானோவும் சாக்ஸபோனும் சிறிது பயின்றார். கிதார் வாசிக்க மட்டும் இவர் இறுதிவரை கற்றாரில்லை. தாம் செய்த கிதார்களுக்குச் சுருதி கூட்டவும் பிறரையே நாடினார் என்பது வியப்புக்குரிய செய்தி.

கல்லூரியும் பிழைப்பும்

1928-ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்து, ஃபுல்லர்ட்டன் இளநிலைக் கல்லூரியிற் சேர்ந்து கணக்கியல் பயின்றார். மின்னியலை இவர் எக்கல்லூரியிலும் பயின்றதில்லை. அது தாமே தேடிப் பெற்ற அறிவு. கல்லூரியை விட்டபின் கணக்கராக வேலை பார்த்தார். 1934-ஆம் ஆண்டில் எஸ்தர் க்ளாஸ்கி என்னும் மங்கையை மணந்தார். பொருளாதார மந்தம் அமெரிக்க நாட்டை வாட்டிய அக்காலத்தில், நெடுஞ்சாலைத் துறையிலும் பின்னர் டயர்க் கம்பெனி ஒன்றிலும் இவர் பார்த்த கணக்கு வேலைகள் நிலைக்கவில்லை.

வேலை போனது இவர் வாழ்வுக்கு வழியாயிற்று. 1938-ஆம் ஆண்டில் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். ரேடியோக்களும் கிராமபோன்களும் மட்டுமன்றி, பாடகர்களின் ஒலிபெருக்கிகளும் வாத்தியக்காரர்களின் மின்சாரக் கிதார்களும் இவர் கடைக்கு வரலாயின. எக்கருவி எவ்விடத்திற் கெடுகின்றது, எதனைக் கழற்றுவது எளிது, எதனைக் கழற்றுதற்கு முழுவதையும் உடைக்க வேண்டியிருக்கின்றது என்பனவெல்லாம் நாடோறும் இவர் கைவழியே மனத்திற் பதிந்தன. இக்கருத்தை வாசகர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகின்றோம். இவர் பிற்காலத்துச் செய்த அனைத்தும் பழுதுபார்ப்பவன் கண்கொண்டு செய்யப்பட்டவையே.

மரப்பலகைக் கிதார்

சாதாரணக் கிதாரில் தந்தியின் மெல்லோசையை உள்ளீடற்ற மரப்பெட்டி பெருக்கித் தருகின்றது. நம் வீணையின் குடமும் அத்தொழிலையே செய்கின்றது. மின்சாரக் கிதாரிலோ, எஃகுத் தந்திகளின் அடியிற் காந்தமும் அதனைச் சுற்றிய நுண்ணிய செப்புக்கம்பிச் சுருளும் அமைந்துள்ளன. இதனைப் பிக்கப் என்பர். தந்தி அதிருங்கால் சுருளில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கின்றது. ஒலிபெருக்கி அதனைப் பேரோசையாக மாற்றுகின்றது. முற்காலத்தார் பெட்டிக் கிதாரிலேயே பிக்கப்பைப் பொருத்தினர். ஆனால் ஓசையை மிகுத்தபோது அது மரப்பெட்டியையே மீண்டும் அதிரச் செய்து, செவியைத் துளைக்கும் ஊளையாக முடிந்தது.

பெட்டியே இல்லாத கட்டைமரத்திற் கிதார் செய்தால் இத்தொல்லை குறையும் என்பதைச் சிலர் முன்னரே கண்டிருந்தனர். லியோ 1945-ஆம் ஆண்டில் டாக் காஃப்மன் என்னும் நண்பருடன் கூடி, மடிமேல் வைத்து வாசிக்கும் கிதார்களையும் ஒலிபெருக்கிகளையும் செய்து விற்றார். மறு ஆண்டில், தொழில் பெருகினால் கடனும் பெருகுமென அஞ்சி நண்பர் விலகிக்கொண்டார். லியோ அஞ்சவில்லை. தம் பெயரிலேயே கம்பெனியை நடத்தி, 1950-ஆம் ஆண்டில் கட்டைமரக் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதலில் பிராட்காஸ்டர் என்று பெயரிட்டார். வேறொரு கம்பெனியின் முரசுகளுக்கு அதனையொத்த பெயர் இருந்தமையால், 1951-இல் டெலிகாஸ்டர் என்று மாற்றினார்.

இதனைக் கண்ட பழைய கிதார்த் தச்சர் நகைத்தனர். கிதாரின் கழுத்தை உடலோடு வச்சிரமிட்டு ஒட்டுவதே அவர்கள் மரபு. லியோ அதனை நான்கு திருகாணிகளால் முடுக்கிவிட்டார். மெட்டுக்கள் தேய்ந்தால் கழுத்தைக் கழற்றி வேறு கழுத்தை மாட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. பிக்கப், குமிழ், கம்பி ஆகிய அனைத்தையும் ஒரு திருப்புளி கொண்டே கழற்றிவிடலாம். மரபறிந்தார்க்கு இஃது இழிவாகத் தோன்றிற்று. இரவுதோறும் வாசித்துப் பிழைக்கும் ஏழை வாத்தியக்காரர்க்கோ வரமாகத் தோன்றிற்று.

அதே 1951-ஆம் ஆண்டில், நிற்கவைத்து வாசிக்கும் பெரிய பேஸ் வாத்தியத்துக்கு மாற்றாகத் தோளில் மாட்டி வாசிக்கும் பிரிசிஷன் பேஸ் வெளிவந்தது. 1954-ஆம் ஆண்டில் மூன்று பிக்கப்புகளும், மார்பிலும் விலாவிலும் உறுத்தாத வளைவுகளும் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. தாம் வாசிக்க அறியாதவர் ஆதலின், லியோ ஒவ்வொரு மாதிரியையும் வாத்தியக்காரர் கையிற் கொடுத்து அவர்கள் கூறும் குறைகளைக் கேட்டுத் திருத்தினார். குறை கூறுவாரை வெறாது, அவர்களையே ஆசிரியராகக் கொண்டமையே இவர் வெற்றியின் மூலம் எனலாம்.

உலகம் ஏற்காத இரண்டு

வெற்றிக்குப்பின் லியோ ஓய்ந்திருக்கவில்லை. 1958-ஆம் ஆண்டில் ஜாஸ்மாஸ்டர் என்னும் கிதாரை வெளியிட்டார். இது ஸ்ட்ராட்டோகாஸ்டரினும் விலை மிக்கது. ஜாஸ் இசைவாணர் அமர்ந்து வாசிப்பதற்கேற்ப இடை சாய்ந்த உடலமைப்பும், அகன்ற தட்டையான பிக்கப்புகளும், மென்மையான தொனிக்கெனத் தனியே ஒரு மின்சுற்றும் கொண்டது. 1962-ஆம் ஆண்டில் ஜாகுவார் வெளிவந்தது. இதன் தந்தி நீளம் 24 அங்குலமே. டெலிகாஸ்டருக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் இருபத்தைந்தரை அங்குலம். ஒளிரும் உலோகத் தகடுகளும், பல விசைகளும், தந்தியோசையை அடக்கும் பஞ்சுக்கட்டையும் இதிலுண்டு.

தம் வேலைத்திறத்தின் உச்சமென்று லியோ கருதியவை இவை. ஆனால் எவர்க்கெனச் செய்தாரோ அந்த ஜாஸ் இசைவாணர் தம் பெட்டிக் கிதார்களை விட்டு வந்தாரில்லை. கலிபோர்னியாக் கடற்கரை இளைஞர்கள் அலைவிளையாட்டைப் பாடிய சர்ஃப் இசைக்குச் சில ஆண்டுகள் இவற்றைக் கையாண்டனர். அவ்விசையின் மோகம் தணிந்ததும் இவற்றின் மதிப்பும் வீழ்ந்தது. ஜாகுவார் 1975-ஆம் ஆண்டிலும் ஜாஸ்மாஸ்டர் 1980-ஆம் ஆண்டிலும் நிறுத்தப்பட்டன.

இவற்றின்மேற் கூறப்பட்ட குற்றங்கள் பொய்யல்ல. தந்திகளைத் தாங்கும் குதிரை நிலையாக நில்லாது முன்னும் பின்னும் ஆடும். பலமாக மீட்டினால் தந்தி தன் பள்ளத்தை விட்டுத் துள்ளி அடுத்த பள்ளத்தில் விழும். குதிரைக்குப் பின்னுள்ள நீண்ட தந்திப்பகுதி தானாகவே ஒலித்து, வேண்டாத மணியோசையை எழுப்பும். விசைகள் மிகப் பல. வாசிக்குங்காற் கைபட்டு அவை மாறிவிடுதலும் உண்டு.

ஆயினும் காரணத்தை ஆராய்ந்தால் உண்மை வேறாகத் தோன்றுகின்றது. தொனியை நடுங்கச் செய்யும் அசைவுக்கோலை அழுத்தும்போது தந்தியோடு குதிரையும் சாய்ந்து மீண்டால் உராய்வு குறையும், சுருதியும் பிறழாது. ஆகவே குதிரை ஆடுவது பிழையன்று. வேண்டுமென்றே செய்த அமைப்பு. மேலும் 1958-ஆம் ஆண்டில் கிதார்களுக்குத் தடித்த தந்திகளைப் பூட்டுதலே வழக்கம். தடித்த தந்தியின் இழுவை மிகுதி. அவ்விழுவை குதிரையை அழுத்திப் பிடிக்கும். பின்னர் ராக் இசைவாணர் தந்தியை விரலால் வளைத்து வாசிக்கும் பொருட்டு மெல்லிய தந்திகளுக்கு மாறினர். அழுத்தம் குறைந்தது, தந்திகள் துள்ளலாயின. கிதார் மாறவில்லை, அதன்மேற் பூட்டிய தந்தியே மாறிற்று. பழியோ கிதாரின் தலைமேல் விழுந்தது.

பெயரை விற்றது

1950-களின் பிற்பகுதி தொட்டு லியோவை மண்டையறை அழற்சி நோய் ஒன்று வாட்டி வந்தது. மருந்துகள் பயன் தரவில்லை. தமக்கு இனி வாழ்நாள் இல்லையென்று எண்ணிய அவர் கம்பெனியை விற்றுவிடத் துணிந்தார். ஒலிபரப்பிற் பெயர்பெற்ற சி. பி. எஸ். நிறுவனம் 1965-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அதனை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிற்று. ஃபெண்டர் என்னும் பெயரும் அதனோடு விலைபோயிற்று. பத்தாண்டுகள் அத்தொழிலிற் போட்டியிடுவதில்லை என்றும் அவர் உடன்பட்டார். சில ஆண்டுகள் ஆலோசகராக மட்டும் இருந்தார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். விற்பனை முடிந்து சில ஆண்டுகளுக்குள் வேறொரு மருத்துவரின் சிகிச்சையால் அவர் நோய் முற்றிலும் நீங்கிற்று. சாவை எதிர்நோக்கித் தம் பெயரை விற்றவர், அதன்பின் 26 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். தம் பெயர் பொறித்த கிதார்கள் பிறர் கையில் மாறுவதைத் தம் கண்ணாலேயே காணவேண்டியவராயினார்.

சி. பி. எஸ். காலம்

புதிய முதலாளிகள் 1966-ஆம் ஆண்டில் பெரிய ஆலை எழுப்பினர். 1965-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் தலை அளவிற் பெரிதாயிற்று. 1968 முதல் மெல்லிய நைட்ரோ வார்னிஷுக்குப் பதிலாகத் தடித்த பாலியெஸ்டர்ப் பூச்சு பூசப்பட்டது. 1971-ஆம் ஆண்டில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் கழுத்தைப் பிடித்த நான்கு திருகாணிகள் மூன்றாயின. அப்பத்தாண்டின் கிதார்களுட் பல கனத்த மரத்தாற் செய்யப்பட்டுப் பத்து ராத்தல் நிறைக்கு மேலும் இருந்தன. பழைய துணைவர்களுள் ஃபாரஸ்ட் வைட் 1966-ஆம் ஆண்டின் இறுதியிலும், டான் ராண்டல் 1969-லும், ஜார்ஜ் ஃபுல்லர்ட்டன் 1970-லும் விலகினர்.

இசைவாணர் சி. பி. எஸ். காலத்துக் கிதார் என்பதையே ஒரு வசைச்சொல்லாக வழங்கத் தொடங்கினர். 1965-க்கு முற்பட்டவை விலை ஏறின; பிற்பட்டவை ஒதுக்கப்பட்டன. அவ்வசையில் உண்மை உண்டு. உடலிற் கழுத்து பதியும் குழி அளவுக்கு மேல் அகலமாகக் குடையப்பட்டபோது, மூன்று திருகாணியால் நின்ற கழுத்து பக்கவாட்டில் நகர்ந்து, கடைத்தந்தி மெட்டின் விளிம்பைவிட்டு வழுவிற்று. அத்தகைய கிதாரை நல்லதென்று நாம் சொல்லமாட்டோம்.

ஆனால் இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. மூன்று திருகாணிக் கழுத்தோடு வந்த சாய்வு திருத்தும் அமைப்பு லியோவே ஆலோசகராயிருந்தபோது வகுத்துத் தம் பெயரிற் காப்புரிமை பெற்றதாகும். கழுத்தைக் கழற்றாமலே அதன் சாய்வைச் சிறு சாவியால் திருத்திக்கொள்ள அது வழி செய்தது. கருத்து பழுதுபார்ப்பவனுடைய நற்கருத்தே. குழியைச் செவ்வையாகக் குடைந்த கிதார்களில் அது நன்கு தொழிற்பட்டது. விரைவுக்காகக் குழியை அகலவிட்ட கிதார்களில் அது பழிக்கு ஆளாயிற்று. குற்றம் வகுத்த முறையினும் செய்த கையினதே என்பது தெளிவு.

பிற நன்மைகளும் அக்காலத்துக்கு உண்டு. கழுத்தினுள் ஓடும் எஃகுக் கம்பியை முடுக்குதற்கு முன்னர்க் கழுத்தையே கழற்ற வேண்டியிருந்தது. 1971-க்குப்பின் தலைப்புறத்திலேயே முடுக்கலாயிற்று. ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூன்று நிலை விசையை இசைவாணர் இரு நிலைகளுக்கிடையே தந்திரமாக நிறுத்தி இனியதொரு தொனியைப் பெற்று வந்தனர். 1977-ஆம் ஆண்டில் ஐந்து நிலை விசை வந்து அத்தந்திரத்துக்கு வேலையில்லாமற் செய்தது. அப்பத்தாண்டில் ஜாஸ் பேஸின் பின்பிக்கப் சிறிது குதிரைப்பக்கம் நகர்த்தப்பட்டது. அதனாற் பிறந்த கூரிய தொனியே மார்க்கஸ் மில்லர் என்னும் பேஸ் கலைஞரின் 1977-ஆம் ஆண்டு வாத்தியத்தால் உலகறியப்பட்டது. 1969-ஆம் ஆண்டில் வுட்ஸ்டாக் விழாவில் ஜிம்மி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்ததும் பெரிய தலை கொண்ட சி. பி. எஸ். காலத்து வெண்ணிற ஸ்ட்ராட்டோகாஸ்டரே. பழித்தவர் பலர் இதனை மறந்தனர்.

1985-ஆம் ஆண்டில் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் ஊழியர் சிலர் கூடி அக்கம்பெனியை 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினர். இருபது ஆண்டுக்குமுன் கொடுத்த விலையினும் இது குறைவு. பழைய ஆலை அவ்விலையில் அடங்கவில்லை. நற்பெயரைக் காவாதவர்க்கு நேர்ந்த இழப்பின் அளவை இதனால் அறியலாம்.

முதுமையும் முடிவும்

போட்டியிடாமைக்குரிய பத்தாண்டு கழிந்ததும், 1975-ஆம் ஆண்டில் லியோ மியூசிக் மேன் கம்பெனியின் தலைமையேற்றார். 1976-இல் வெளிவந்த ஸ்டிங்ரே பேஸ், உள்ளேயே பேட்டரியால் இயங்கும் தொனிச் சுற்றைக் கொண்டது. பின்னர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் கூடி ஜி அண்டு எல் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். அவ்வெழுத்துக்கள் ஜார்ஜ், லியோ என்னும் இருவர் பெயரின் முதலெழுத்துக்களே. தம் குடும்பப் பெயரைத் தாமே வழங்கும் உரிமை அவருக்கு இல்லை என்பதை நினைக்குங்கால் நம் உள்ளம் நெகிழ்கின்றது. 1979-ஆம் ஆண்டில் மனைவி எஸ்தர் இறந்தார். மறு ஆண்டில் ஃபில்லிஸ் என்னும் அம்மையாரை மணந்தார்.

தம் பழைய கிதார்களை உலகம் தெய்வம்போற் போற்றிய அக்காலத்தில், அவரோ அவற்றைக் குறையுடையவை என்றே கருதினார். தாம் கடைசியாகச் செய்தவையே தாம் செய்தவற்றுட் சிறந்தவை என்பது அவர் கொள்கை. பார்க்கின்சன் நோய் உடலைத் தளர்த்தியபோதும் பட்டறைக்குச் செல்வதை அவர் விட்டாரில்லை. 1991-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21-ஆம் நாள் ஃபுல்லர்ட்டனில் உயிர் நீத்தார். மறு ஆண்டில் ராக் அண்டு ரோல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இகழ்ந்தவை எழுந்தது

விலை வீழ்ந்த பொருள் ஏழையின் கைக்கு எட்டும். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரை வாங்கப் பணமில்லாத இளைஞர்கள், 1970-களின் பிற்பகுதி தொட்டு அடகுக் கடைகளிற் கிடந்த ஜாஸ்மாஸ்டர்களையும் ஜாகுவார்களையும் வாங்கினர். நியூயார்க்கில் டாம் வெர்லேன் ஜாஸ்மாஸ்டரை வாசித்தார். இங்கிலாந்தில் எல்விஸ் காஸ்டெல்லோ 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் இசைத்தட்டின் அட்டையில் ஜாஸ்மாஸ்டரைத் தாங்கி நின்றார். சானிக் யூத் குழுவினர் குதிரைக்குப் பின்னுள்ள தந்திப்பகுதியை வேண்டுமென்றே தட்டி ஒலித்தனர். குற்றமென்று ஒதுக்கப்பட்ட அந்த மணியோசையே அவர்கள் இசைக்கு அணியாயிற்று. கெவின் ஷீல்ட்ஸ் என்பார் அசைவுக்கோலைக் கையிற் பற்றியவாறே மீட்டி, அலைபோல் மிதக்கும் ஒலியைப் படைத்தார். குதிரை ஆடுவதற்கென்றே செய்யப்பட்டது என்றோமே. அதன் பயனை முற்றக் கண்டவர் இவர்.

லியோ இறந்து ஆறு மாதம் கழிந்து, 1991 செப்டம்பரில் நிர்வானா குழுவின் நெவர்மைண்ட் இசைத்தட்டு வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. அக்குழுவின் கர்ட் கோபேன் கையாண்டவை, 1965-ஆம் ஆண்டின் ஜாகுவாரும், மாணவர்க்கென மலிவாகச் செய்யப்பட்ட மஸ்டாங்கும். தம் செல்லப்பிள்ளைகளை உலகம் ஏற்ற அக்காட்சியைக் காண லியோ உயிருடன் இல்லை. ஃபெண்டர் கம்பெனி ஜாகுவாரை 1986-இல் ஜப்பானிலும், ஜாகுவார், ஜாஸ்மாஸ்டர் இரண்டையும் 1999-இல் அமெரிக்காவிலும் பழைய முறையிலேயே மீண்டும் செய்யத் தொடங்கிற்று.

சி. பி. எஸ். காலத்துக் கிதார்களும் மெல்ல மதிப்புப் பெற்றன. அவற்றின் கனம் தோளை வருத்தும். ஆயினும் மலிவும் கூரிய தொனியும் இளைஞரை ஈர்த்தன. தடித்த பூச்சு மரத்தின் ஓசையை மூடுகின்றது என்பார் உளர். அப்பூச்சே ஐம்பது ஆண்டு மேடையடிகளையும் தாங்கி நிற்கின்றது. பெரிய தலையையும் விரும்புவார் இன்று பலர்.

இகழப்பட்ட இக்கிதார்கள் எங்ஙனம் பிழைத்தன? அவற்றை வாங்கிய ஏழை இளைஞர் தச்சரை நாடவில்லை. துள்ளும் தந்திக்கு மஸ்டாங்கின் குதிரையை மாற்றி வைத்தனர். தடித்த தந்தியைப் பூட்டினர். கழுத்தின் அடியிற் சிறு தக்கையொன்றைச் செருகிச் சாய்வைத் திருத்தினர். வேண்டாத விசைகளைக் கழற்றினர். நகர்ந்த கழுத்தை நேர்நிறுத்தித் திருகாணியை இறுக்கினர். இவையனைத்துக்கும் வேண்டியது ஒரு திருப்புளியே. ஒட்டிச் செய்த கிதாராயின் இத்திருத்தங்களுட் பல அவர்கள் கைக்கு எட்டியிரா. 1938-இல் ரேடியோக் கடையிற் கற்ற பாடத்தை லியோ 1950-இல் மரத்திற் பதித்தார். அவர் கம்பெனியை விற்றபோது பெயர் போயிற்று. ஆனால் கழற்றித் திருத்தலாம் என்னும் அவ்வியல்பு கிதாரை விட்டுப் போகவில்லை. கவனமற்ற கைகள் செய்த பிழையையும் பின்வந்தோர் திருத்திக்கொள்ளுமாறு அவர் முன்னரே வழி வைத்திருந்தார்.

முடிவுரை

இச்சரித்திரத்தால் நாம் பெறும் பாடம் யாது? பழமையெல்லாம் நன்று என்பதன்று. 1970-களிற் செய்த கிதார்களுள் மெய்யாகவே தீயன பல. ஐம்பது ஆண்டு கழிந்தமையால் மட்டும் அவை நல்லனவாகிவிடா. ஆகவே பொருளை எடுத்துப் பார்த்தே மதிப்பிடல் வேண்டும். அது செய்யப்பட்ட ஆண்டைக் கேட்டுப் புகழ்தலும் தகாது, பழித்தலும் தகாது. ஜாஸ்மாஸ்டரை மெல்லிய தந்தி பூட்டிப் பழித்ததுபோல, ஒன்றற்குப் பொருந்தாத வேலையைக் கொடுத்துவிட்டு அதனையே குறைகூறும் பிழையை நாம் பொருள்களிடத்தும் செய்கின்றோம், உடன்பயில்வாரிடத்தும் செய்கின்றோம்.

நாளை ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணியேற்கவிருக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறி இக்கட்டுரையை முடிக்கின்றோம். நாம் செய்யும் வேலை நம் கையிலேயே என்றும் இராது. நம் பெயர் அதன்மேல் நிலைக்கலாம், நிலையாமலும் போகலாம். அதனைப் பெறுவோர் கவனமற்றவராய் இருத்தலும் கூடும். ஆதலின் பின்வருவோர் எளிதில் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளுமாறு அதனைச் செய்து வைத்தல் நம் கடமை. ஒரு கண்ணே உடைய, கிதார் மீட்டத் தெரியாத அந்தக் கணக்கர் நான்கு திருகாணிகளால் நமக்குக் காட்டிச் சென்ற வழி இதுவே.